தடைக்காலத்தில் ஒரு போட்டுக் கணக்கு

மே 6, 2025, பாம்பன்

ஏப்ரல் 15-லிருந்து அண்ணனின் போட்டு, மீன்பிடிப் படகு, கரையில் நிற்கிறது. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்குள் மதினி நோட்டில் எழுதும் பங்குக் கணக்கை அவர் போனில் ஓடவைத்துவிட வேண்டும். கணக்கைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் முன்பே எழுதிவிட்டேன். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக, மீதியில் பாதி போட்டுக்கு, பாதி ஆட்களுக்கு. டிரைவருக்கு ஒன்றரைப் பங்கு. போன் பிரவுசரில் ஓட ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு மொழி வேண்டும். அதற்காக இன்னொரு தடவை எழுதமாட்டேன். கூலிக் கணக்கு இரண்டு இடத்தில் இருந்தால் என்றாவது ஒருநாள் இரண்டு விடை வரும்.

மே 9

பைத்தானில் எழுதியதைப் பிரவுசரில் ஓடவைக்கும் கருவி தேடினேன். முதலில் பைஜாமாஸைப் பார்த்தேன். 2006-இல் கூகுள் ஜாவாவுக்குக் கொடுத்த வெப் டூல்கிட்டைப் பைத்தானுக்குக் கொண்டுவந்த முயற்சி அது. மொழிமாற்றும் கம்பைலரும், பட்டன், பெட்டி போன்ற திரை உறுப்புகளான விட்ஜெட்டும் ஒன்றாகவே வரும். வெர்ட்டிகல் பேனலில் பட்டனையும் லேபிளையும் அடுக்கினால் பக்கம் தயார். எத்தனை அழகான யோசனை! ஆனால் அது பைத்தான் 2 என்ற பழைய பதிப்பின் காலத்துப் பொருள்.

பயோடைட் பைத்தானையே பிரவுசர் ஓட்டக்கூடிய வெப்அசெம்பிளி வடிவமாக்கித் தருகிறது. பைத்தான் நடத்தை அப்படியே இருக்கும், ஆனால் பல எம்பி இறங்க வேண்டும். படகு ஜெட்டியில் சிக்னல் ஒரு கோடு. பிரைத்தானோ, பக்கம் திறந்தபிறகு போனிலேயே மொழிமாற்றுகிறது. மதினியின் பழைய போன் பாவம். டிரான்ஸ்கிரிப்ட் அந்த வேலையை என் லேப்டாப்பிலேயே முடித்து, சின்ன ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாகக் கையில் கொடுத்துவிடுகிறது. இதுதான்.

மே 15

மீன் எதுவும் போடாமல் மதினி கணக்கைத் தட்டினார். "இது என்ன தம்பி, ரூவா இருக்க இடத்துல இங்கிலீசு எழுத்து?"

சராசரி கிலோ விலை இருக்க வேண்டிய இடத்தில் 'என்-ஏ-என்', அதாவது எண் அல்ல என்று நின்றது. ராத்திரி முழுக்கத் தேடினேன். 'இஃப் மீன்கள்', அதாவது மீன் பட்டியலில் ஏதாவது இருந்தால் என்று ஒரு வரி. பட்டியல், அதாவது லிஸ்ட், காலி என்றால் பைத்தான் உள்ளே போகாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் லிஸ்ட்டுக்குப் பெயர் அர்ரே; அதற்கோ காலி அர்ரேயும் 'உண்மை'தான். உள்ளே போய்ச் சுழியத்தைச் சுழியத்தால் வகுத்துவிட்டது. பைத்தானாக இருந்தால் அங்கேயே பிழை சொல்லி நின்றிருக்கும்; இங்கே சத்தமே இல்லை. டிரான்ஸ்கிரிப்ட் வேகத்துக்காகத் தெரிந்தே செய்திருக்கும் ஏற்பாடு இது. '-டி' என்ற தெரிவைக் கொடுத்தால் பைத்தான் போலவே சோதிக்கும். நான் அந்தத் தெரிவை நம்பி விடவில்லை, 'லென்(மீன்கள்) > 0' என்று, எண்ணிக்கையைக் கேட்டு, வெளிப்படையாகவே எழுதினேன். வெறுங்கையோடு போட்டு திரும்பும் நாளில்தான் கணக்கு பிசகாமல் இருக்க வேண்டும். அன்றைக்கு டீசல் கடன் மட்டும்தான் மிச்சம்.

மே 16

அதே இனத்தில் இன்னொன்று: இரண்டு லிஸ்டை '==' போட்டு ஒப்பிட்டால், உள்ளே இருப்பது ஒன்றாக இருந்தாலும் 'இல்லை' என்கிறது. ஒவ்வொன்றாக ஒப்பிட்டு எழுதினேன்.

மே 24

விட்ஜெட்டுக்கு ஒரு வாரம் போனது. பெரிய தொகுப்பு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். பார்வைக்குப் பளபளப்பு. அதன் எண் பெட்டியைத் தொட்டால் முழு எழுத்துப் பலகையும் எழும்பி வந்து பாதித் திரையை மறைத்தது. மதினிக்குக் கையெல்லாம் ஐஸ் தண்ணீர். பெருவிரல் வழுக்கி 8-க்குப் பக்கத்தில் 9 விழுந்தது. கழற்றிவிட்டேன்.

பிரவுசரின் சொந்த இன்புட் பெட்டியில் 'இன்புட்மோட்' டெசிமல் என்று ஒரு சொல் சேர்த்தேன், பெரிய எண் பலகை வந்தது. மீன் பெயருக்கு டேட்டாலிஸ்ட்: 'ந' தட்டினால் நகரை, நண்டு. வேறு விட்ஜெட் இந்தப் பக்கத்துக்கு வேண்டாம்.

ஜூன் 12

வெளியே கச்சான் காற்று. மதினியின் போன வருஷ நோட்டைப் பக்கம் பக்கமாகப் பைத்தானிலும் போனிலும் போட்டுப் பார்த்தோம். இரண்டும் எல்லாப் பக்கத்திலும் ஒரே விடை. ஒரு பக்கத்தில் மட்டும் நோட்டு வேறாகச் சொன்னது. ஐஸ் 2,200 இரண்டு தடவை கழிந்திருந்தது.

மதினி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேனா கேட்டார். நான்கு ஆட்கள் பெயருக்கு நேரே 200, டிரைவருக்கு 300 என்று எழுதி, "போட்டு எறங்குறதுக்கு முன்னாடி குடுத்துரணும்" என்றார்.