டிராகன் பழக நினைப்பவர்களுக்கு: எங்கே தொடங்குவது?

சதுரங்கத்தில் கறுப்புக் காய்களோடு உட்கார்ந்தால் சமன் செய்தாலே போதும் என்று நினைப்பவருக்கு சிசிலியன் டிராகன் என்ற தொடக்க முறை ஒத்துவராது. வெள்ளை ராஜா ஒரு பக்கம் காஸ்லிங் செய்யும் (யானையோடு சேர்ந்து ஒரே நகர்த்தலில் ஓரமாக ஒதுங்கும்), நம் ராஜா மறுபக்கம். இருவரும் ஒரே நேரத்தில் தாக்குவார்கள், முந்துகிறவருக்கே ஆட்டம். கறுப்பில் வெல்ல முடியுமா என்று கேட்கலாம், முடியும். 2024 நவம்பரில் நம் சிங்கப்பூர் செந்தோசாவில் நடந்த உலகச் சதுரங்கப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே டிங் லிரென் கறுப்பில் பிரெஞ்சுத் தற்காப்பு என்ற இன்னொரு தொடக்க முறையை ஆடி குகேஷைத் தோற்கடித்தார். (பட்டம் கடைசியில் சென்னைப் பையனுக்குத்தான், அது வேறு சந்தோஷம்.)

வேலை முடிந்து வந்து மாலை நேரங்களில் டிராகன் படித்தவன் நான். சமூக மன்றத்தில் ஆடும் பிள்ளைகள் கேட்டதால், எனக்குப் பலன் தந்த வழியை எழுதுகிறேன்.

முதல் ஐந்து நகர்த்தல்களை மனப்பாடம் செய்துவிடுங்கள் (எழுத்து பலகையின் நெடுக்குக் கோட்டையும், எண் குறுக்கு வரிசையையும் குறிக்கும்; காயின் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய்). வெள்ளை இ4, நாம் சி5. வெள்ளைக் குதிரை எஃப்3, நாம் டி6. வெள்ளை டி4 வைத்ததும் நம் சிப்பாய் வெட்டும், அவர் குதிரையால் திருப்பி வெட்டுவார். நம் குதிரை எஃப்6, அவருடைய இன்னொரு குதிரை சி3, நாம் ஜி6. பிஷப் ஜி7க்கு வந்து உட்காரும். அதற்கு மேலும் உருப்போடுவது, ஓ லெவல் பிள்ளைகள் பத்தாண்டு வினாத்தாள் விடைகளை மட்டும் நெட்டுருப் போடுவது போலத்தான். கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் கை நின்றுவிடும்.

அதனால் அடுத்து சி3 கட்டத்தைப் படியுங்கள். டிராகனின் உயிரே அங்கேதான் இருக்கிறது. சி கோட்டில் நிற்கும் நம் யானை சி3 குதிரையை வெட்டும். வெள்ளை பி சிப்பாயால் திருப்பி வெட்டுவார். காய்களின் மதிப்புக் கணக்குப்படி 5 புள்ளி யானையைக் கொடுத்து 3 புள்ளி குதிரையை வாங்கியிருக்கிறோம், நஷ்டம். ஆனால் வெள்ளை ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாய்ச் சுவர் உடைந்துவிடும், ஜி7 பிஷப்பின் பார்வையும் அந்தப் பக்கம்தான். எப்போது இப்படி யானையைக் கொடுக்கலாம், எப்போது கூடாது என்பது கண்ணுக்குப் பழகினால் பாதி டிராகன் கைக்கு வந்துவிட்டது.

இதற்கு இரண்டு இடங்களில் ஆட்டம் தேடுங்கள். ஒன்று தோல்வி: 1974இல் மாஸ்கோவில் நடந்த கேண்டிடேட்ஸ் (உலகச் சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும்) இறுதிப் போட்டியின் இரண்டாவது ஆட்டம், கார்ப்போவ் வெள்ளை, கோர்ச்னாய் டிராகன். 16ஆவது நகர்த்தலில் கார்ப்போவ் டி4 குதிரையைப் பின்வாங்கி இ2இல் வைக்கிறார். பார்க்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும். ஆனால் சி3க்கு இப்போது இன்னொரு குதிரையின் காவல்; யானையைக் கொடுத்தாலும் பி சிப்பாய் அசையத் தேவையில்லை. பிறகு எச் கோடு வழியாகப் புகுந்து 27ஆவது நகர்த்தலில் முடித்துவிட்டார். இன்னொன்று வெற்றி: 1995இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் ஆனந்துக்கு எதிராக காஸ்பரோவ். முதல் எட்டு ஆட்டமும் சமன், ஒன்பதில் ஆனந்த், பத்தில் காஸ்பரோவ். அதன் பிறகுதான் டிராகனை எடுத்து 11, 13 இரண்டையும் கறுப்பில் வென்றார். நமக்குக் கசப்பான ஆட்டங்கள்தான், ஆனாலும் படியுங்கள்.

பொறிகளில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆறாவது நகர்த்தலில் வெள்ளை பிஷப் இ3க்கு வந்ததும், அதைத் துரத்த நம் குதிரையை ஜி4க்கு அனுப்பக் கை துடிக்கும். அனுப்பினால் பி5இலிருந்து பிஷப் செக். நாம் பிஷப்பை டி7இல் வைத்து மறைத்தால் அது ராஜாவோடு கட்டுண்டுவிடும், வெள்ளை ராணி நிம்மதியாக ஜி4 குதிரையைத் தின்னும். சிசிலியனின் இன்னொரு கிளையான நைடார்ஃபில் ஏ6 சிப்பாய் பி5 கட்டத்தைக் காப்பதால் அங்கே இதே குதிரைத் தாவல் நல்ல நகர்த்தல். இரண்டையும் கலந்து படிப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

வெள்ளை எஃப்3, ராணி டி2 என்று யுகோஸ்லாவ் தாக்குதலுக்குத் தயாரானால், ஒன்பதாவது நகர்த்தலைக் கவனியுங்கள். பிஷப் சி4க்கு வராமல் நேராக ராணிப் பக்கம் காஸ்லிங் செய்தால் உடனே டி5 தள்ளுங்கள். பிஷப் சி4க்கு வந்தால் அது அவ்வளவு எளிதாக நடக்காது. அப்போது பிஷப் டி7, யானை சி8, குதிரை இ5 என்று சி கோட்டில் வேலையைத் தொடங்க வேண்டும்.

கம்ப்யூட்டரிடம் கேட்டால் வெள்ளைக்குத்தான் சாதகம் என்று சொல்லும். கவலைப்படாதீர்கள், எதிரில் உட்கார்ந்திருப்பது கம்ப்யூட்டர் இல்லை. ஆனால் தோற்ற ஆட்டத்தை முதலில் சொந்த மூளையால் பார்த்துவிட்டு அப்புறம் அதைத் திறங்கள். புத்தகம் வேண்டுமென்றால் நூலகத்தில் 794.1 எண் அடுக்கைப் பாருங்கள்.

கடைசியாக, பலர் சொல்லாத ஒன்று. வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக்குகளின் கீழே ஆடும் அங்கிள்களும் பள்ளிப் பிள்ளைகளும் பெரும்பாலும் உங்களை டிராகன் ஆடவே விடமாட்டார்கள். சி5 பார்த்ததுமே சிலர் சி3 வைப்பார்கள், சிலர் பிஷப்பை சி4க்குக் கொண்டுவருவார்கள், சிலர் எஃப்4 தள்ளிவிட்டு ராஜாவை நோக்கி வருவார்கள். சி3க்கு உடனே டி5 அல்லது குதிரை எஃப்6, சி4 பிஷப்புக்கு இ6 என்று இவற்றுக்கெல்லாம் ஆளுக்கொரு பதிலை முதல் மாதத்திலேயே தயார் செய்துகொள்ளுங்கள். யுகோஸ்லாவின் இருபதாவது நகர்த்தல் அதுவரை காத்திருக்கட்டும்.