நீர்வண்ண நிலக்காட்சித் தாள்: தீப்பெட்டி அளவுப் படம்தான் கைகொடுத்தது

ஓவியத் தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது, நிலக்காட்சித் தாளில் கரையேறியாயிற்று. அடுத்து எழுதப்போகும் மண்டபம், கீழக்கரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்காக இது.

வண்ணத்தைத் தொடும் முன் தீப்பெட்டி அளவில் மூன்று கட்டம் போடுங்கள். கண்ணைப் பாதி மூடிக் காட்சியைப் பாருங்கள். விவரம் மங்கி வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என மூன்றே திட்டுகள் மிஞ்சும். அவற்றை மட்டும் பென்சிலால் நிரப்புங்கள். மூன்றும் ஒரே அளவில் வந்தால் அந்தக் கட்டத்தை அடித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு நல்ல வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) போட்டாலும் வீண் என்றே சொல்வேன்.

நம் கரையில் சிக்கல் அதன் தட்டைதான். தனுஷ்கோடியில் மணல், கடல், வானம் எல்லாமே படுத்த கோடுகள். அடிவானம் நடுவில் விழுந்தால் தாள் இரண்டாகப் பிளக்கும். மேலோ கீழோ மூன்றில் ஒரு பங்கில் வைத்து, குறுக்கே ஒரு நிமிர்ந்த பொருளை நிறுத்துங்கள்: 1964 புயலில் சிதைந்த தேவாலயச் சுவர், ஒற்றைப் பனை. மீன்பிடிப் படகான வல்லத்தின் மேல்விளிம்பு அடிவானக் கோட்டோடு ஒட்டினால் தூரமே தெரியாது. விரற்கடை ஏற்றுங்கள் அல்லது இறக்குங்கள். பாம்பன் பாலம் கண்ணைத் தாளுக்கு வெளியே இழுத்துப் போகும், ஓரத்தில் ஒரு வல்லத்தின் அணியத்தால் (முன்முனையால்) மறியுங்கள்.

கரையேற்றிய வல்லத்தின் நிழல் பக்கத்தை ஒரே சாம்பலாக அடைத்தால் அட்டையில் வெட்டியதுபோல இருக்கும். மணலில் பட்ட வெயில் திரும்பி அடிவயிற்றில் ஏறுகிறது. அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னாப் பழுப்பும் கலந்த சாம்பலை மேலிருந்து இழுத்து, ஈரம் காயும் முன் கீழே கொஞ்சம் யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) விடுங்கள். வயிறு உருண்டு வரும்.

ஓவியம் ஒன்றை ரசித்து எழுதச் சொல்லும் ரசனைக் கேள்விக்கு ‘அழகு’ என்ற சொல்லே வேண்டாம். மிக அடர்ந்த இருட்டும் வெள்ளைத் தாளும் எங்கே அடுத்தடுத்து நிற்கின்றன, கண் எந்த வழியாக அங்கே வந்தது, எந்த விளிம்பு கூர்மை, எது கரைந்தது என்று எழுதுங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் தொடக்ககாலக் கேரள நிலக்காட்சிகளை வைத்துப் பழகலாம்.

மற்றவை:
– காய்ந்தால் வெளுக்கும், ஒரு படி அடர்த்தியாகவே போடுங்கள்.
– பாதி காய்ந்த வானத்தில் ஈரம் கூடிய பிரஷ் பட்டால் காலிஃப்ளவர் கறை வரும். தேய்க்காதீர்கள், முழுக்கக் காயட்டும்.
– கச்சான் எனும் மேல்காற்றில் தாள் சட்டென்று காயும். வானத்துக்கான வண்ணத்தை முன்பே இரு மடங்கு கலக்கி வையுங்கள்.
– கடற்கரையில் பழகும்போது நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். கடல்நீரில் பிரஷ் அலசினால் தாளில் உப்புப் பூக்கும்.
– கடைசி 15 நிமிடம் இருட்டுகளுக்கு மட்டும். அதற்கும் தீப்பெட்டிக் கட்டத்தையே பாருங்கள், காட்சியை அல்ல.