வர்தாவில் விழுந்த மாமரம் விறகாக வீடு வந்த கதை

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்துபோனபோது சென்னையில் எந்தத் தெருவில் திரும்பினாலும் மரம் குறுக்கே கிடந்தது. அடையாறு காந்தி நகரில் என் அத்தை குடியிருந்த வீட்டுக் காம்பவுண்டிலும் ஒரு பெரிய மாமரம் வேரோடு சாய்ந்துவிட்டது. "யாராவது எடுத்துக்கிட்டுப் போனா போதும்பா, காசே வேண்டாம்" என்றார் வீட்டுக்காரம்மா. மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் வெந்நீருக்கு விறகடுப்புதான். சித்தப்பா விசேஷங்களுக்குப் பிரியாணி ஆர்டர் எடுப்பவர். நல்ல மாமரம் குப்பைக் கிடங்குக்குப் போவதை நினைக்கவே மனசு கேட்கவில்லை. நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

வழியெல்லாம் கிடந்த சாலையோர மரங்களை நாங்கள் தொடவில்லை. அவை மாநகராட்சியுடையவை. காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு முருங்கையும் விழுந்திருந்தது, அதையும் விட்டுவிட்டோம். முருங்கைக் கட்டை பஞ்சு மாதிரி, அடுப்பில் நிற்காது.

வண்டி பிடிப்பதற்கு முன்னால் ரம்பம் வேண்டும். மிஷின் ரம்பம் வைத்திருந்தவர்களுக்கு அந்த வாரம் மூச்சுவிட நேரமில்லை. ஒருவரைப் பிடித்து, அடுப்பு வாய்க்குத் தக்கபடி ஒன்றரை அடித் துண்டுகளாக அறுக்கச் சொன்னேன். இதை அங்கேயே முடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். நீளக் கட்டையை வண்டியில் ஏற்ற நாலு ஆள் வேண்டும், துண்டென்றால் ஒருவரே தூக்கலாம்.

அப்புறம் ஒரு குட்டி யானை, அதாவது டாடா ஏஸ் மினி லாரி, வாடகைக்குக் கிடைத்தது. அதன் டிரைவருக்கு இந்த வேலை அத்துப்படி. "அண்ணே, பச்ச மரம். பலக மட்டத்துக்கு மேல ஏத்தாதீங்க, பிரேக் புடிக்காது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் சொன்னது முழு உண்மை. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அந்த வண்டி தாங்குவது முக்கால் டன். தொட்டியில் இன்னும் இடம் இருப்பதுபோலத் தெரியும்போதே எடை முடிந்துபோயிருக்கும். அடிமரத் துண்டுகளைக் கேபினை ஒட்டி அடுக்கி, கிளைகளைப் பின்னால் போட்டு, மேலே தார்ப்பாய் மூடிக் கயிற்றை இழுத்துக் கட்டினார். மீதியை அடுத்த நடையில் எடுத்துக்கொள்ளலாம் என்றார். சரி என்றேன். நடைக்கு நடை வாடகை ஏறினாலும் அதுதான் நியாயம். சர்தார் படேல் சாலைப் பக்கம் போகாமல் எல்.பி. ரோடு, தரமணி, வேளச்சேரி வழியாக மெதுவாக ஓட்டி வந்தார்.

இதில் உண்மையிலேயே திணறிய இடம் கூலி கொடுப்பதுதான். பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஏறக்குறைய ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. ஏ.டி.எம். கிடைத்தாலும் கையில் வருவது 2000 ரூபாய் நோட்டு. புயலில் கரண்டும் போய், போன் சிக்னலும் போய்விட்டது. டிரைவரும் ரம்பக்காரரும் அன்றைய கூலியில் அன்றைக்கே அரிசி வாங்க வேண்டியவர்கள், அவர்களிடம் போய் நாளைக்குத் தருகிறேன் என்று எப்படிச் சொல்வது? மளிகைக் கடைக்காரரிடமும் பால்காரரிடமும் நூறு ரூபாய் நோட்டுகளாகத் திரட்டிக் கொடுத்து முடித்தோம்.

வீட்டுக்கு வந்த கட்டையை அப்படியே குவித்து வைக்கக்கூடாது. ஈரம் இருக்கும்போதே ஆப்பு வைத்துக் கோடாலியால் பிளந்துவிட்டால் காய்வது சுலபம். கரையானுக்குப் பயந்து வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி, செங்கல் பரப்பி, வெட்டுமுகம் காற்றைப் பார்க்கும்படி அடுக்கினோம். மேலே மட்டும் ஷீட், பக்கவாட்டில் திறந்தே இருக்கட்டும். மாங்கட்டையில் வண்டு சீக்கிரம் துளைக்கும். மாவு கொட்ட ஆரம்பித்த துண்டுகளை எடுத்து முதலில் எரித்துவிட வேண்டும்.

மெல்லிய கிளைகள் கோடையிலேயே வெந்நீர் அடுப்புக்குத் தயாராகிவிட்டன. அடிமரத்தை மே கடைசியில்தான் எடுத்தோம். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் 'டக்'கென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் உள்ளே இன்னும் ஈரம். சித்தப்பா அப்படித் தட்டித் தட்டிப் பார்த்துத்தான் தன் பங்கை ஏற்றிக்கொண்டு போனார்.