ஃபெரிட்டின் சீட்டுல இல்ல மேடம்

நான் 1500 மீட்டர் ஓடுறவ. போன சீசன் பூரா கடைசி 300 மீட்டர்ல காலு கல்லு மாதிரி ஆயிடும். ரத்தத்த டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு ட்ரெயினிங்க மாத்தலாம்னாரு கோச். அங்க ஆரம்பிச்சது கூத்து.

மொத தடவ தப்பு என்மேலதான். முந்தின நாள் சாயங்காலம் 400 மீட்டர் ரிபீட் பத்து அடிச்சிட்டு காலைல போய் கைய நீட்டிட்டேன். சிகே (தசை அடி வாங்கினா ரத்தத்துல ஏறுற என்சைம்) 1,100ஐத் தாண்டி நிக்குது, எஸ்ஜிஓடியும் (லிவர்லயும் தசையிலயும் இருக்கற என்சைம்) ஏறிக் கெடக்கு, ரிப்போர்ட்டப் பாத்த டாக்டர் "தண்ணி அடிப்பியாம்மா?"ங்கறாரு! லிவர் ஸ்கேன் வரைக்கும் பேச்சு போயிருச்சு, அப்புறம் கோச் போன்ல வந்து ஓடினா தசையிலேர்ந்தே அது ஏறும் சார்னு சொன்னதும்தான் விட்டாரு. ஹார்டா ஓடினா ரெண்டு மூணு நாள் ரெஸ்ட் விட்டுட்டு எடுங்க. சளி காய்ச்சல் இருந்தாலும் வேணாம், ஃபெரிட்டின் (உடம்புல சேத்து வச்ச இரும்பு எவ்ளோன்னு காட்டுறது) பொய்யா ஏறிக் காட்டும்.

அடுத்த தடவ ரெஸ்ட் எல்லாம் எடுத்துட்டு ஒழுங்காத்தான் போனேன். ஹீமோகுளோபின் 12.4, "நார்மல் மேடம், கெளம்புங்க"ங்கறாரு லேப்காரரு. ஃபெரிட்டின் எங்கன்னா "சீட்டுல இல்ல மேடம்". எடுத்த ரத்தத்துலயே போட்டுக் குடுங்கன்னு கெஞ்சினேன், தலைய நிமித்தவே இல்ல அந்தாளு. உடம்புல சேத்து வச்ச இரும்பு மொதல்ல காலியாகும், ஹீமோகுளோபின் அப்புறம்தான் எறங்கும், அதனால சிபிசி (ஹீமோகுளோபின் பாக்குற சாதா ரத்த டெஸ்ட்) நார்மல்னு ஏமாந்துடாதீங்க, முக்கியமா பீரியட்ஸ் வர்ற பொண்ணுங்க.

மறுபடி அலைஞ்சு எடுத்தா ஃபெரிட்டின் 13, ரொம்பக் கம்மி. நான் சோம்பேறி இல்லன்னு பேப்பர்ல பாத்ததும் அழுகையே வந்துருச்சு. டாக்டர் இரும்பு மாத்திரை குடுத்தாரு (டீயோட போடாதீங்க, உடம்புல ஒட்டாது), கோச் வாரம் மூணு இன்டர்வல ஒண்ணாக் கொறச்சு மிச்சத்த டெம்போ (நிறுத்தாம ஒரே மிதமான வேகத்துல ஓடுறது) ஆக்கிட்டாரு.

டெம்போ ஸ்பீடுக்கு லாக்டேட் (ஹார்டா ஓட ஓட ரத்தத்துல ஏறுறது) பாத்ததுலயும் ஒரு கூத்து. காது மடல்ல குத்தி ஒரு சொட்டு எடுத்தா 7.8 காட்டுது, மூச்சு வாங்காமப் பேசிட்டு இருக்கேன், எப்படி 7.8? வேர்வை. அதுலயும் லாக்டேட் இருக்கு. நல்லாத் தொடச்சு, மொத சொட்ட வழிச்சுப் போட்டுட்டு அடுத்தத எடுத்தா 3.2. அந்த 7.8ஐ நம்பியிருந்தா நடக்கத்தான் விட்டிருப்பாங்க.

மூணு மாசம் ஆச்சு. போன வாரம் மறுபடி எடுத்தேன், ஃபெரிட்டின் 36. சீட்ட நீட்டுறதுக்குள்ள அதே லேப் ஆளு கேக்கறாரு: "ஃபெரிட்டின் எழுதியிருக்கா மேடம்?"