கீவ் பொன்வாசல்: இடிபாட்டுக்கு மேல் ஒரு கூடு

உக்ரைன் தலைநகர் கீவின் பழைய கோட்டை வாசலான பொன்வாசலுக்கு வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து உச்சியிலிருக்கும் தேவாலயத்தைத்தான் பார்ப்பார்கள். பழங்கட்டடப் பராமரிப்பில் இருப்பவர்களின் கண் நேரே கீழே, வழிநடைச் சுவருக்குப் போகும். 11ஆம் நூற்றாண்டில் இளவரசர் யாரோஸ்லாவ் கட்டிய வாசலில் தரைக்கு மேல் எஞ்சியவை அந்த இரு இணைச் சுவர்களின் பகுதிகள்தான். வெளியே தெரியும் மற்றதெல்லாம் 1982இல் எழுந்தது.

கல் வரிசைக்கு நடுவே மெல்லிய தட்டைச் செங்கல், சாந்து சுண்ணாம்பும் இடித்த செங்கல் தூளும் கலந்தது, அதனால்தான் இளஞ்சிவப்பு. அக்காலக் கீவ் கொத்தர்கள் ஒன்றுவிட்டு ஒரு செங்கல் வரிசையை உள்ளே தள்ளிவைத்துச் சாந்தால் மூடுவார்கள். வெளியே பார்த்தால் செங்கல்லைவிடச் சாந்து தடிமனாகத் தெரியும். இது தெரியாதவர் 'சாந்து அதிகம்' என்று சுரண்டினால் உள்வரிசை வெளியே வந்துவிடும்.

இப்படிப்பட்ட சுவரில் சிமெண்டுப் பூச்சுதான் பெரிய வினை. சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது. ஈரம் செங்கல் வழியே வெளியேறும். உப்பு முகப்பிலேயே படிகமாகும். கீவின் குளிரில் அந்த ஈரம் உறைந்து விரிய, செங்கல் முகம் செதில் செதிலாக உதிரும், சிமெண்டு மட்டும் நிற்கும். செங்கல் இடைவெளியில் கெட்ட சாந்தை, இடைவெளியின் அகலத்தைப்போல் இருமடங்கு ஆழம் சுரண்டி, நனைத்து, சுண்ணாம்பு சுர்க்கிச் (செங்கல் தூள்) சாந்தை மெல்லிய அடுக்குகளாக இறுக்கி, ஈரச் சாக்குப் போட்டுக் காக்க வேண்டும். உறைபனிக் காலம் நெருங்கினால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவதே மேல்.

1240இல் மங்கோலியர் நகரைப் பிடித்தபின் வாசல் மெல்லச் சிதைந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் மண்ணால் மூடினார்கள். அது ஒருவகையில் நல்லதுதான்: மண்ணுக்குள் ஈரமும் வெப்பமும் அதிகம் ஏறி இறங்குவதில்லை. 1832இல் தோண்டி எடுத்தபின் மழையும் பனியும் நேரே பட்டன. முட்டுச் சுவரும் இரும்புக் கட்டும் தேவைப்பட்டன. ஆகவே, கீவின் 1500ஆம் ஆண்டு விழாவுக்காக 1982இல் இடிபாட்டை மூடிக் கட்டிய கூட்டைக் கூரை என்ற அளவில் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கூடும் கெடும். மழைநீர்க் குழாய் அடைத்தால் நீர் மரப்பகுதியில் தங்கி இற்றுப்போகும்; வசந்தத்தில் வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த பழஞ்சுவரில் பட்டு வியர்க்கும். பழுதுபார்த்து 2007இல்தான் மறுபடி திறந்தார்கள்.

சர்ச்சை தேவாலயத்தைப் பற்றியது. முழு வாசலைக் காட்டும் படம் எதுவும் இல்லை. 1651இல் டச்சு ஓவியர் வெஸ்டர்ஃபெல்ட் வரைந்ததே இடிபாட்டைத்தான். இப்போதுள்ள தேவாலயம், வாசலின் காலத்து மற்ற கோயில்களை வைத்து ஊகித்த வடிவம். அசலென்று நினைத்துப் படமெடுக்கிறவர்களே அதிகம், உள்ளே ஊகம் எங்கே தொடங்குகிறது என்பதைச் சுவரிலேயே கோடிட்டுக் காட்டியிருக்கலாம்.

பக்கத்தில் 1997இல் வைத்த யாரோஸ்லாவ் சிலைக்கு இந்தத் தொல்லை இல்லை. சிற்பி கவலெரிட்சேயின் மாதிரியை வைத்து வார்த்த வெண்கலம். கையில் புனித சோஃபியா பேராலயத்தின் சிற்றுரு. ஊர்க்காரர்கள் அந்தச் சிற்றுருவைக் கீவ் கேக் (அந்நகரின் பேர்போன இனிப்பு) என்று கேலி செய்வார்கள். சிலையை யாரும் 11ஆம் நூற்றாண்டுப் பொருள் என்று எண்ணிவிடப் போவதில்லை.