சோறு கொதிக்கும் வாசனை

கர்ப்பமான 7-வது வாரத்தில் முதலில் எனக்கு ஆகாமல் போனது சோறு கொதிக்கும் வாசனை. உலையில் நுரை பொங்கும்போது கஞ்சி மணம் வருமே, அதேதான். குக்கர் என்றால் முதல் விசிலுக்கே பாத்ரூமுக்கு ஓடுவேன். இங்கிலீஷில் இதற்கு ‘மார்னிங் சிக்னஸ்’, அதாவது காலை என்று நேரம் குறித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் மசக்கை என்ற சொல்லில் நேரமே கிடையாது, அதுதான் சரி. எனக்கு உச்சமே சாயங்காலம் 7 மணிக்குத்தான்.

வெறும் வயிறுதான் குமட்டலைக் கிளப்பும், படுக்கையை விட்டு எழுமுன் உலர்ந்ததாக ஏதாவது மெல்லு என்றார் டாக்டர். “பல்லு வெளக்காமலா?” என்று அத்தை முகம் சுளித்தார். பேஸ்ட்டை வாயில் வைத்தாலே நான் வாந்தி எடுப்பதை இரண்டு நாள் பார்த்தவர், மூன்றாம் நாள் தாமாகவே பொரி டப்பாவைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார்.

சூடான எதுவும் தங்கவில்லை. ஆறினால் மணம் குறையும் என்பதால் ஆறிய தயிர் சோறும் நார்த்தங்காயும் மட்டும் உள்ளே போயின. சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தால் மொத்தமும் வெளியே வந்துவிடும். அதனால் இடையிடையே மடக்கு மடக்காகக் குடித்தேன். எல்லோரும் சொன்ன இளநீரும் நிற்கவில்லை.

“மசக்கைன்னா அப்படித்தான், மனசைத் திடமா வச்சுக்கோ” என்று ஆளாளுக்குச் சொன்னதை நம்பி 10-வது வாரம் வரை இழுத்ததுதான் என் தப்பு. மனசுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நஞ்சுக்கொடி சுரக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனுக்கு இதில் பெரும் பங்கு என்று 2023-இல் வெளியான ஆய்வைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். 54 கிலோ இருந்தவள் 50-க்கு வந்திருந்தேன். எத்தனை முறை வாந்தி என்று டாக்டர் கேட்கவில்லை. சிறுநீர் எத்தனை முறை போகிறது, என்ன நிறம் என்றுதான் கேட்டார். நாளுக்கு இரண்டே முறை, கடுங்காப்பி மாதிரி. பரிசோதனையில் கீட்டோன் இருந்தது, உடம்பு பட்டினியில் கொழுப்பை எரிக்கிறது என்பதற்கு அடையாளம். அன்றே படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

குமட்டலை அடக்கும் டாக்ஸிலமின் என்ற மருந்தும் வைட்டமின் பி6-உம் சேர்ந்த மாத்திரையை ராத்திரி போடச் சொன்னார். அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வரும், ஆனால் விடிந்தபின் பாதி நாள் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

16-வது வாரம் வாந்தி நின்றது. கஞ்சி மணம் மட்டும் பிரசவம் வரை ஆகவில்லை. அதுவரை எங்கள் வீட்டில் சோறு வடித்தது என் கணவர்தான், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.