ரைட் வீட்டு அண்ணன் தம்பி

மார்ச் 4

சில நாட்களாக ஜார்ஜ் ரைட்டைப் பற்றித்தான் படிப்பு. அமெரிக்க பேஸ்பாலின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர். வளர்ந்ததோ கிரிக்கெட் வீட்டில். அப்பா சாமுவேல், நியூயார்க் செயின்ட் ஜார்ஜ் கிரிக்கெட் கிளப்பில் சம்பளத்துக்கு ஆடியவர். அண்ணன் ஹாரி பிறந்தது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில். பன்னிரண்டு வயது இளையவரான ஜார்ஜ் 1847இல் அமெரிக்காவில் பிறந்தார்.

மார்ச் 6

ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் தந்த முதல் அணி, 1869இன் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ். (திரைமறைவில் பணம் கைமாறுவது அதற்கு முன்பே உண்டு.) அணியைக் கட்டி, தலைமை தாங்கிய ஹாரிக்கு 1,200 டாலர், தம்பிக்கு 1,400! நம் வீடாக இருந்தால் அடுத்த பொங்கலுக்குள் பாகப்பிரிவினை நடந்திருக்கும். அந்த ஆண்டு அணி தோற்கவே இல்லை.

மார்ச் 7

1870 ஜூன் 14, புரூக்ளின். வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 5-5. சமனே போதும் என்றது எதிரணியான அட்லாண்டிக்ஸ். ஹாரி விடவில்லை, தொடர்ந்து ஆட வைத்தார்.

பத்தாவது இன்னிங்ஸில் தம்பி செய்த வேலை இருக்கிறதே! ஓட்டக்காரர்கள் தளத்தில் நிற்கிறார்கள். பந்து உயரே எழும்பி, ஜார்ஜின் கைக்கு நேராக இறங்குகிறது. பிடித்துவிடுவார் என்று நம்பி அவர்கள் நகரவில்லை; பந்து பிடிபடும்போது தளத்தை விட்டு விலகியிருந்தால் அவுட்டாகலாம், பிடிபடாவிட்டாலோ அடுத்த தளத்துக்கு ஓடியே ஆக வேண்டும். அவர் வேண்டுமென்றே நழுவவிட்டு, உடனே எடுத்து எறிய, ஒன்றுக்கு இரண்டு பேர் அவுட். இந்தத் தந்திரத்தைத் தடுக்கப் பின்னாளில் தனி விதியே எழுதினார்கள். இத்தனை செய்தும் பதினோராவது இன்னிங்ஸில் 8-7 எனத் தோல்வி. சமனை ஏற்காத அண்ணனை எனக்கு இதனாலேயே பிடித்துவிட்டது.

மார்ச் 11

1871 முதல் இருவரும் பாஸ்டன் அணியில். 1872இலிருந்து தொடர்ந்து நான்கு பட்டங்கள். 1874இல் இங்கிலாந்துக்குப் போனபோது கிரிக்கெட்டும் ஆடி, தோற்காமல் திரும்பினார்கள். பதினொருவருக்கு எதிராகப் பதினெட்டுப் பேர் இறங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்!

மார்ச் 15

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். தம்பியே எதிர்ப்படைக்குத் தலைவனானால்? 1879இல் ஜார்ஜ், பிராவிடன்ஸ் அணியின் மேலாளர். ஹாரியின் பாஸ்டனை இரண்டாமிடத்துக்குத் தள்ளிப் பட்டம் வென்றார். பிறகு அந்தப் பதவிப் பக்கமே அவர் திரும்பவில்லை.

அதே ஆண்டு பிறந்த மகன் பீல்ஸ், டென்னிஸில் 1904 ஒலிம்பிக் தங்கம் வென்றவர். வீட்டில் மட்டைக்குப் பஞ்சமிருந்திருக்காது: 'ரைட் அண்ட் டிட்சன்' விளையாட்டுப் பொருள் நிறுவனம் ஜார்ஜினுடையதுதான்.

மார்ச் 16

பேஸ்பால் புகழ் மண்டபத்தில் ஜார்ஜுக்கு 1937இல் இடம். ஹாரிக்கு 1953இல்தான். அணியைக் கட்டியவரைப் பதினாறு ஆண்டுகள் வாசலில் நிறுத்தியது அநியாயம்.